கைமாற்றாகக் கொடுத்த காசு, இரவல் கொடுத்த நகை: ஒன்ராறியோவில் வழக்குப் போட்டுத் திரும்பப் பெறுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு வாங்க முற்பணம் குறைகிறது, ஊரில் அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை, கடை தொடங்கக் கொஞ்சம் முதல் வேண்டும் என்று உறவினரிடமோ கூட வேலை செய்பவரிடமோ கேட்டு வாங்குவது ரொறன்ரோ, மார்க்கம், பிரம்டன் பக்கத்துத் தமிழரிடையே சாதாரண விஷயம். பெரும்பாலும் சொன்னபடி திரும்பி வந்துவிடும். வராதபோது கொடுத்தவர் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறார். கேட்டால் உறவு முறிந்துவிடும், ஊர் என்ன சொல்லும் என்று ஒரு வருடம், இரண்டு வருடம் பொறுக்கிறார். அந்தப் பொறுமையிலேயே சட்டம் கொடுத்த காலமும் கரைந்துபோகிறது. அதைத் தடுக்கத்தான் இந்தப் பக்கம். இதில் ‘இந்த நீதிமன்றம்’ என்று சொல்வது ஒன்ராறியோவின் சிறு கோரிக்கை நீதிமன்றத்தை (Small Claims Court). இங்கே இருப்பது பொதுவான விளக்கம். உங்கள் விவகாரத்துக்கு உரிய ஆலோசனையைச் சட்டத்தரணியிடமோ, இப்படியான சிறு வழக்குகளை நடத்த உரிமம் பெற்ற பராலீகலிடமோ (paralegal) கேளுங்கள்.

எவ்வளவு தொகை வரை இந்த நீதிமன்றத்தில் கேட்கலாம்?

50,000 டொலர் வரை. 2025 ஒக்டோபர் 1 முதல் இதுதான் எல்லை. அதற்கு முன் 35,000 ஆக இருந்தது, 2020க்கு முன் 25,000. வட்டியும் வழக்குச் செலவும் இந்தக் கணக்கில் சேராது. இரவல் கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பதென்றால் அந்தப் பொருளின் பெறுமதி இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும்.

எல்லையைத் தாண்டிய கடனை இரண்டாக உடைத்து இரண்டு வழக்காகப் போட முடியாது. 56,000 டொலர் வரவேண்டும் என்றால் 6,000ஐக் கைவிட்டு இங்கே வரலாம், அல்லது முழுத்தொகைக்கும் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே செலவும் காலமும் பலமடங்கு. 6,000ஐ விடுவது வலிக்கும்தான். ஆனாலும் பலருக்கு அதுவே புத்திசாலித்தனமான முடிவாக இருக்கும்.

கையெழுத்து எதுவும் இல்லை. வாயால் பேசிக் கொடுத்தேன். வழக்குப் போடலாமா?

போடலாம். வாய்ப்பேச்சில் செய்த ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். இது கொலை வழக்கு இல்லை, சந்தேகமே இல்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. இரண்டு கதைகளில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று நீதிபதி பார்ப்பார். இந்த நீதிமன்றத்தில் சாட்சியம் பற்றிய விதிகளும் சற்றுத் தளர்வானவை. மற்ற இடங்களில் ஏற்காத, ஒருவர் சொல்லக் கேட்டறிந்த தகவலைக்கூடத் தொடர்புடையதென்றால் நீதிபதி ஏற்கலாம்.

கையெழுத்து இல்லாவிட்டாலும் உங்களிடம் வேறு தடயங்கள் இருக்கும். ஈ-ட்ரான்ஸ்ஃபர் அனுப்பிய நாளும் தொகையும் வங்கிக் கணக்கில் இருக்கும். அதோடு நீங்கள் எழுதிய சிறு குறிப்பில் ‘கடன்’ என்று ஒரு சொல் இருந்தாலே பெரிய உதவி. ரொக்கமாகக் கொடுத்திருந்தால், கொடுத்த நாளுக்கு முன் வங்கியில் இருந்து எடுத்த பதிவைத் தேடுங்கள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தந்திருந்தால் அதைவிட நல்ல சான்று கிடையாது. அன்பளிப்பாக வாங்கிய காசை யாரும் மாதம் 300 டொலராகத் திருப்பிக் கொடுப்பதில்லை.

வட்ஸ்அப்பில் அவர் எழுதியதையும் பாருங்கள். ‘அடுத்த மாதம் பார்ப்போம் அண்ணை’, ‘வீடு வித்ததும் தாறன்’ என்பது போன்ற ஒரு வரி, வாங்கியதையும் திருப்பித் தரவேண்டியதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறது. அந்த உரையாடலைத் தொடக்கத்தில் இருந்து, நாளும் தொலைபேசி எண்ணும் தெரியும்படி சேமித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சாதகமான நாலு வரியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். மிச்சத்தை அவர் கொண்டுவந்து காட்டினால் உங்கள் நம்பகத்தன்மை அங்கேயே போய்விடும்.

தமிழில் இருக்கும் வட்ஸ்அப் செய்திகளை நீதிபதி எப்படி வாசிப்பார்?

நீதிமன்றத்தில் கொடுக்கும் ஆவணம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பும், அது சரியானது என்று மொழிபெயர்த்தவர் செய்த சத்தியக் கடதாசியும் சேர்ந்திருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழுக்கும் இது பொருந்தும். உங்கள் மகளே மொழிபெயர்த்தால் எதிர்ப்பக்கம் கேள்வி எழுப்பும். சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்பாளருக்குப் பக்கக் கணக்கில் செலவாகும் என்பதால், 200 பக்க உரையாடலில் காசு பற்றிப் பேசிய பகுதிகளை மட்டும் மொழிபெயர்த்து, மூலத்தை முழுதாக வைத்துக்கொள்ளலாம். குரல் செய்திகளையும் அழிக்காதீர்கள். நம்மவர்கள் முக்கியமான வாக்குறுதிகளைக் குரலில்தான் அனுப்புகிறார்கள்.

‘அது கடன் இல்லை, அன்பாகத் தந்தது’ என்கிறார். என்ன செய்வது?

உறவினருக்குக் கொடுத்த காசில் இதுதான் முதல் பதிலாக வரும். சட்டம் இதில் கொடுத்தவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. கைம்மாறு வாங்காமல் ஒருவர் காசைக் கொடுத்திருந்தால், அதை அன்பளிப்பு என்று சொல்பவர்தான் பொதுவாக அதை நிரூபிக்க வேண்டும். பெற்றோர் வளர்ந்த பிள்ளைக்குக் கொடுத்ததற்கும் இது பொருந்தும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2007இல் பெக்கோர் வழக்கில் சொன்னது.

கடனா அன்பளிப்பா என்று தீர்மானிக்க நீதிமன்றங்கள் பார்க்கும் சில விஷயங்கள் உண்டு. அந்த நேரத்தில் எழுதிய குறிப்பு ஏதும் இருக்கிறதா? எப்படித் திருப்பித் தருவது என்று பேசினார்களா? ஈடு ஏதும் வாங்கினார்களா? மற்றப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தார்களா? கொஞ்சமாவது திரும்பி வந்ததா? சண்டை வருவதற்கு முன்பே கேட்டதுண்டா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பெற்றோர் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மகனும் மருமகளும் சேர்ந்து இருந்தவரை ஒரு வார்த்தை கேட்காமல், பிரிந்த பிறகு 40,000 டொலர் கடன் என்று வந்தால் நீதிபதி ஐயப்படுவது இயல்பு.

இன்னொன்று: வீட்டுக்கடன் எடுக்கும்போது ‘இது அன்பளிப்பு, திருப்பித் தரத் தேவையில்லை’ என்று வங்கிக்கு ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தீர்களா? அப்படியென்றால் அந்தக் கடிதம் உங்களுக்கு எதிரான முதல் ஆவணம். வழக்கை யோசிக்கும் முன் அதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

எவ்வளவு காலத்துக்குள் வழக்குப் போட வேண்டும்?

பொதுவாக இரண்டு வருடம். இந்தியாவிலும் இலங்கையிலும் பழகிய கணக்கை இங்கே போடாதீர்கள். ஒன்ராறியோவின் காலவரையறைச் சட்டம் கடுமையானது. ஒரு நாள் பிந்தினாலும், உங்கள் பக்கம் முழு நியாயம் இருந்தாலும், எதிராளி அதைச் சுட்டிக்காட்டினால் வழக்கு முடிந்தது.

இரண்டு வருடம் எந்த நாளில் இருந்து என்பதைக் கடனின் தன்மை தீர்மானிக்கிறது. ‘2024 டிசம்பர் 31க்குள் தருகிறேன்’ என்று நாள் குறித்திருந்தால் அந்த நாள் தவறியதில் இருந்து எண்ண வேண்டும். நாள் குறிக்காமல், ‘வேணும் எண்டா கேளுங்கோ, தாறன்’ என்று வாங்கியிருந்தால், நீங்கள் கேட்டு அவர் கொடுக்கத் தவறிய நாளில் இருந்து. அதனால்தான் எப்போது கேட்டீர்கள் என்பது இவ்வளவு முக்கியமாகிறது. மூன்று வருடத்துக்கு முன் தொலைபேசியில் சண்டைபிடித்து ‘இப்பவே தா’ என்று கேட்டிருந்தால், அன்றைக்கே காலம் ஓடத் தொடங்கிவிட்டது என்று எதிராளி வாதாடலாம்.

காலம் புதிதாகத் தொடங்கவும் வழி உண்டு. இரண்டு வருடம் முடிவதற்குள் அவர் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அல்லது ஒரு பகுதியைக் கட்டினால், அந்த நாளில் இருந்து மறுபடி இரண்டு வருடம். முடிந்த பிறகு ஒப்புக்கொண்டால் பயனில்லை. ‘இன்னும் கொஞ்சம் பொறுங்கோ’ என்று அவர் சொல்லும்போது, சரி என்று விட்டுவிடாமல் 100 டொலராவது கட்டச் சொல்லுங்கள், எவ்வளவு பாக்கி என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பொறுமையும் காட்டலாம், உரிமையையும் காக்கலாம்.

முதலில் கடிதம் எழுதத்தான் வேண்டுமா?

எழுதுங்கள். வழக்குக்குப் போகாமலேயே காசு வந்துசேர்வது பல தடவை இந்தக் கட்டத்தில்தான். கோபம், பழைய கதை, அவர் மனைவி கலியாண வீட்டில் சொன்னது எதுவும் அதில் வேண்டாம். அந்தக் கடிதத்தை ஒருநாள் நீதிபதி வாசிப்பார் என்று நினைத்து எழுதினால் தானாகச் சரியாக வரும். இப்படி:

‘2024 மார்ச் 9ஆம் தேதி உங்களுக்கு 12,000 டொலர் கடனாகக் கொடுத்தேன். அதில் 1,500 டொலர் திருப்பித் தந்திருக்கிறீர்கள். மீதி 10,500 டொலரை இந்த மாதம் 30ஆம் தேதிக்குள் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரேயடியாக முடியாவிட்டால் எந்தத் தவணையில் தரமுடியும் என்று அதே நாளுக்குள் எழுத்தில் சொல்லுங்கள். பதில் இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் கோரிக்கை பதிவு செய்வேன்.’

மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். வழக்குப் போடுவேன் என்று சொல்வது மிரட்டலாகாது, குற்றவியல் சட்டமே அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் ‘பொலிசுக்குப் போவேன்’, ‘குடிவரவுக்கு அறிவிப்பேன்’ என்று காசுக்காகப் பயமுறுத்துவது உங்களையே குற்றவாளியாக்கக்கூடும். முகநூலில் படத்தைப் போட்டு ‘கள்ளன்’ என்று எழுதுவதும் வேண்டாம். அவதூறு வழக்கில் நீங்கள் எதிராளியாக நிற்க நேரிடும்.

கலியாணத்துக்கு இரவல் கொடுத்த நகை திரும்பி வரவில்லை. நகையையே கேட்க முடியுமா?

முடியும். இந்த நீதிமன்றத்துக்குக் காசு மட்டுமல்ல, அசையும் பொருளைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிடும் அதிகாரமும் உண்டு. வாகனம், கமெரா, தையல் இயந்திரம், தவில், எதற்கும் இது பொருந்தும். நகைக் கதைகள்தான் அதிகம் காதில் விழுகின்றன, அவைதான் அதிகம் மனதையும் நோகச் செய்கின்றன. அம்மம்மாவின் அட்டியலுக்குக் காசு ஈடாகாது.

கோரிக்கையில் பொருளை, பார்த்திராத ஒருவரும் அடையாளம் காணும் அளவுக்கு விவரியுங்கள். ‘தங்கச் சங்கிலி ஒன்று’ என்பது போதாது. எத்தனை கரட், எத்தனை கிராம், என்ன வேலைப்பாடு, எத்தனை கல், எங்கே அறுந்து ஒட்டியது என்று எழுதுங்கள். பவுண் கணக்கு இங்கே நீதிபதிக்குப் புரியாது. ஒரு பவுண் 8 கிராம், கிராமிலேயே எழுதிவிடுங்கள். வாங்கிய பற்றுச்சீட்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கலியாண அல்பத்தைத் திறவுங்கள். நீங்கள் அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் பழைய படம் ஒன்று, இரவல் வாங்கியவர் அதே நகையோடு நிற்கும் புதிய படம் ஒன்று. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாதாட அதிகம் மிச்சமிருக்காது.

கேட்கும்போது இரண்டாகக் கேளுங்கள்: பொருள் திரும்ப வேண்டும், அது முடியாவிட்டால் அதன் பெறுமதி வேண்டும். அவர் அதை விற்றிருக்கலாம், அடகு வைத்திருக்கலாம். பெறுமதிக்கு ஒரு நகை மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். உணர்வுப் பெறுமதியை நீதிமன்றம் டொலரில் கணக்கிடாது, சந்தை விலைதான் அளவு.

பொருளைக் கேட்டு அவர் மறுத்தார் என்பதற்கும் சான்று வேண்டும். ஆகவே இங்கேயும் நாள் குறித்த கடிதம் அவசியம். தீர்ப்புக்குப் பிறகும் தராவிட்டால், அந்தப் பொருளை எடுத்து உங்களிடம் ஒப்படைக்கும் ஆணையை நீதிமன்ற அலுவலகத்தில் பெறலாம். நீதிமன்ற அதிகாரி போய் எடுப்பார். பொருள் கிடைக்கவில்லை என்றால், அவருடைய வேறு பொருளை எடுத்து வைக்கும்படி உத்தரவு கேட்டு விண்ணப்பிக்கலாம். நீங்களே அவர் வீட்டுக்குள் போய் எடுத்துவரக் கூடாது, கதவு திறந்து கிடந்தாலும்.

மாதம் 2 வீத வட்டி என்று எழுதிக் கொடுத்தேன். கிடைக்குமா?

இங்கேதான் பலருக்கு அதிர்ச்சி. கனடாவின் வட்டிச் சட்டம், எழுத்திலுள்ள ஒப்பந்தத்தில் வட்டியை மாதத்துக்கோ வாரத்துக்கோ குறிப்பிட்டுவிட்டு, அது வருடத்துக்கு எத்தனை வீதம் என்று எழுதாவிட்டால், வருடத்துக்கு 5 வீதத்துக்கு மேல் கேட்க முடியாது என்கிறது. ‘மாதம் 2 வீதம், அதாவது வருடத்துக்கு 24 வீதம்’ என்று எழுதியிருக்க வேண்டும். நம் ஆட்கள் மாதக் கணக்கில்தான் வட்டி பேசுகிறார்கள், அதனால் இந்த ஒரு வரி இல்லாமல் பெருந்தொகையை இழக்கிறார்கள்.

மேல் எல்லையும் உண்டு. 2025 ஜனவரி 1 முதல் வருடத்துக்கு 35 வீதத்துக்கு மேற்பட்ட வட்டி குற்றமாகும். மாதம் மூன்று வீதமே அந்த எல்லையைத் தாண்டிவிடும். வட்டி தருவதாக ஒப்புக்கொண்டு வீதத்தைக் குறிக்காவிட்டால் 5 வீதம். வட்டியே பேசாவிட்டாலும் வழக்கில் நீதிமன்ற வட்டியைக் கேட்கலாம், ஆனால் அதைக் கோரிக்கையில் எழுத மறக்கக் கூடாது.

சீட்டுக் காசுக்கும் இங்கே வரலாமா?

வரலாம். நீங்கள் யாரிடம் காசு கட்டினீர்கள், அவர் என்ன தருவதாகச் சொன்னார் என்பதே கேள்வி. சீட்டு நடத்தியவரே முழுப் பொறுப்பு என்று பேசியிருந்தால் அவர்மேல். ஒருவர் சீட்டை எடுத்துவிட்டுக் கட்டாமல் போனதுதான் பிரச்சினை என்றால், நடத்தியவர் ‘எனக்கே வரவில்லை’ என்பார். அந்த ஆபத்து யாருடையது என்பதைப் பேசிய விதத்தில் இருந்துதான் நீதிபதி கண்டுபிடிப்பார். சீட்டுக் கொப்பியின் படம், குழுச் செய்திகள், மாதாமாதம் அனுப்பிய காசின் பதிவு, கூடச் சேர்ந்த மற்றவர்களின் சாட்சி இவையெல்லாம் வேண்டும். பாதிக்கப்பட்ட பலர் ஒன்றாகப் போவது சாட்சிக்கு நல்லது.

யார்மேல், எந்தப் பெயரில், எந்த ஊரில்?

பெயரில் கவனம் தேவை. எல்லோரும் ‘குட்டி அண்ணை’ என்று கூப்பிடுபவருக்கு அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கும், அப்பாவின் பெயர் முன்னாலா பின்னாலா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். தவறான பெயரில் வாங்கிய தீர்ப்பு, பிறகு சம்பளத்தில் பிடிக்கப் போகும்போது பயன்படாமல் போகலாம். ஈ-ட்ரான்ஸ்ஃபர் பதிவில், பழைய காசோலையில், வீட்டு உறுதியில் உள்ள பெயரைப் பாருங்கள். இரண்டு பெயர் புழக்கத்தில் இருந்தால் இரண்டையும் குறிப்பிடலாம்.

கடைக்காக வாங்கினார் என்றால், வாங்கியது அவரா அவருடைய கம்பனியா என்று யோசியுங்கள். கம்பனி என்றால் அது தனி ஆள். கம்பனி மூடிவிட்டால் உங்கள் தீர்ப்பு சுவரில் மாட்டத்தான் உதவும். ‘நானே பொறுப்பு’ என்று அவர் சொன்னதற்குச் சான்று இருந்தால் இருவர் மேலும் போடுங்கள்.

இடம்: கடன் கொடுக்கல் வாங்கல் நடந்த ஊரின் நீதிமன்றம், அல்லது எதிராளி வசிக்கும் ஊரின் நீதிமன்றம்.

எப்படித் தொடங்குவது? செலவு என்ன?

படிவம் 7ஏ. அதுதான் வழக்காளியின் கோரிக்கை. இணையத்திலேயே நிரப்பிப் பதியலாம். என்ன நடந்தது, எங்கே, எப்போது, எவ்வளவு என்று நாள் வரிசையில் எழுதி, ஆவணப் பிரதிகளை இணையுங்கள். ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம் போதும்.

பதிவுக் கட்டணம் நூறு டொலரைச் சற்றே தாண்டும். பின்னர் விசாரணைக்கு நாள் கேட்கும்போது முந்நூறுக்கு மேல். வருமானம் குறைந்தவர்கள் கட்டண விலக்குக் கேட்கலாம். வென்றால் இந்தச் செலவுகளை எதிராளியிடம் கேட்கலாம். சட்டத்தரணி அல்லது பராலீகல் கட்டணத்தில், கேட்ட தொகையின் 15 வீதத்துக்கு மேல் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. 3,000 டொலர் வழக்குக்கு நீங்களே போங்கள். 30,000 டொலர், அதிலும் அன்பளிப்பு வாதம் இருக்கிறது என்றால் ஒரு பராலீகலை வைப்பது பிரயோசனம். தமிழ் பேசும் பராலீகல்கள் ரொறன்ரோவில் இருக்கிறார்கள். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் உரிமம் இருக்கிறதா என்று சங்கத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். ‘கோட்டு வேலை எல்லாம் தெரிந்த’ ஆட்களிடம் போகாதீர்கள். இலவசமாக ஒரு தடவை ஆலோசனை கேட்க புரோ போனோ ஒன்ராறியோவின் தொலைபேசிச் சேவை இருக்கிறது.

பதிந்த பிறகு ஆறு மாதத்துக்குள் கோரிக்கையை எதிராளியிடம் சேர்ப்பிக்க வேண்டும். நேரில் கையில் கொடுக்கலாம். வீட்டில் இருக்கும் வளர்ந்த ஒருவரிடம் மூடிய உறையில் கொடுத்து, அன்றோ மறுநாளோ இன்னொரு பிரதியைத் தபாலில் அனுப்பலாம். கையெழுத்து வாங்கும் பதிவுத் தபாலும் செல்லும். நீங்களே கொடுக்கச் சட்டம் தடுக்கவில்லை, ஆனாலும் வேறொருவரை அனுப்புங்கள். வாசலில் சண்டை வராமல் இருக்கும். கொடுத்தவர் அதற்கு ஒரு சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும்.

அவர் பதிலே போடாவிட்டால்?

எதிராளிக்கு 20 நாள். அதற்குள் எதிர்வாதம் பதியாவிட்டால், கடன்தொகை கணக்காகத் தெரியும் வழக்குகளில் நீதிபதி முன் போகாமலே நீதிமன்ற அலுவலகத்தில் தீர்ப்புப் பெறலாம். நகையின் பெறுமதி போல மதிப்பிட வேண்டிய தொகை என்றால் நீதிபதி சான்றுகளைப் பார்த்து முடிவு செய்வார்.

சிலர் கடனை ஒப்புக்கொண்டு, மாதம் இவ்வளவு கட்டுகிறேன் என்று எதிர்வாதத்திலேயே எழுதுவார்கள். அது உங்களுக்கு ஏற்காவிட்டால் 20 நாளுக்குள் மறுக்க வேண்டும். நியாயமான தவணை என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். வருகிற 400 டொலர், வராத 10,000ஐவிடப் பெரிது.

சமரசக் கூட்டம் என்கிறார்களே, அதற்குப் போகத்தான் வேண்டுமா?

கட்டாயம் போக வேண்டும். எதிர்வாதம் வந்தபின் நடக்கும் இந்தக் கூட்டத்தில் ஒரு நீதிபதி இரு பக்கத்தையும் கேட்டு, தீர்க்க முடியுமா என்று பார்ப்பார். இப்போது பெரும்பாலும் சூமில். குறைந்தது 14 நாளுக்கு முன் ஆவணங்களையும் சாட்சிகள் பட்டியலையும் கொடுத்துவிடுங்கள். அங்கே பேசியதை விசாரணையில் எடுத்துச் சொல்ல முடியாது, அந்த நீதிபதி விசாரணையை நடத்தவும் மாட்டார். ஆகவே பயமில்லாமல் பேசலாம். ‘உங்கள் வழக்கில் இந்த இடம் பலவீனம்’ என்று நீதிபதி சொன்னால் மனதில் வாங்குங்கள். உறவினர் வழக்குகள் தீர்வதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. கதைக்காமல் இருந்த இரண்டு பேர் மூன்றாவது ஆள் முன்னிலையில் கதைக்கிறார்கள், நகை திரும்பி வந்துவிடுகிறது.

விசாரணையில் தமிழில் பேசலாமா?

மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசலாம். கட்டண விலக்குப் பெற்றவர்களுக்கு நீதிமன்றம் ஏற்பாடு செய்யும். மற்றவர்கள் தகுதி பெற்ற ஒருவரைத் தாங்களே பேசிக் கூட்டி வர வேண்டும். ஆங்கிலம் ஓரளவு தெரியும் என்று சமாளிக்கப் போகாதீர்கள். குறுக்குக் கேள்வி வரும்போது ஒரு சொல்லைத் தவறாக விளங்கி ‘யெஸ்’ சொல்வது வழக்கையே கெடுத்துவிடும்.

ஆவணங்களை விசாரணைக்கு 30 நாள் முன்பே எதிராளிக்கும் நீதிமன்றத்துக்கும் கொடுத்திருக்க வேண்டும். காசு கைமாறியபோது அருகில் இருந்தவர் வரத் தயங்கினால் அழைப்பாணை அனுப்பலாம். கடிதம் எழுதித் தந்தால் போதாதா என்று கேட்பார்கள், நேரில் வந்து சொல்வதற்கு அது ஈடாகாது.

வென்றுவிட்டேன், ஆனால் காசு வரவில்லை.

நீதிமன்றம் வசூலித்துத் தராது, வழிகளை மட்டும் தரும். அவர் வேலை செய்யும் இடம் தெரிந்தால் சம்பளத்தில் பிடிக்க ஆணை பெறலாம். வரி முதலியவை கழித்த சம்பளத்தில் 20 வீதம் வரை பிடித்து முதலாளி நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். வங்கிக் கணக்கையும் இப்படிப் பிடிக்கலாம், கூட்டுக் கணக்கென்றால் பாதி. உங்களுக்கு முன்பு தந்த காசோலையிலேயே வங்கியும் கிளையும் இருக்கும். சமூக உதவிப் பணம் வாங்குபவரிடம் அதைப் பிடிக்க முடியாது.

வீடு வைத்திருந்தால், சொத்தைப் பிடித்து விற்கும் ஆணையை அந்த வட்டாரத்து ஷெரிஃப் (தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரி) அலுவலகத்தில் பதிந்து வையுங்கள். ஆறு வருடம் செல்லும், புதுப்பிக்கலாம். அந்த வீட்டை விற்கவோ கடனை மாற்றவோ போகும்போது உங்கள் பெயர் முன்னால் வந்து நிற்கும். அவசரமில்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எங்கே வேலை, என்ன சொத்து எதுவும் தெரியாவிட்டால், அவரை நீதிமன்றத்துக்கு அழைத்துச் சத்தியத்தின் பேரில் கேட்கும் விசாரணை ஒன்று உண்டு. வராமல் விட்டால் நீதிமன்ற அவமதிப்பு வரை போகலாம். அவர் வங்குரோத்து அறிவித்துவிட்டால் பெரும்பாலும் வசூல் அத்துடன் நின்றுவிடும். வழக்குப் போடும் முன்னரே அவரிடம் ஏதாவது இருக்கிறதா என்று ஆறுதலாக யோசிக்கச் சொல்வது இதனால்தான்.

பொலிசுக்குப் போனால் வேகமாக நடக்காதா?

விரும்பிக் கொடுத்த கடனையும் இரவலையும் பொலிஸ் பொதுவாகச் சிவில் பிணக்கு என்று திருப்பி அனுப்பிவிடும். பொய்ச்சொல்லிப் பலரிடம் காசு சுருட்டியது போன்ற விவகாரம் என்றால் முறையிடுங்கள், ஆனால் இரண்டு வருடக் கணக்கு அதற்காக நிற்காது.

வாங்கியவர் இறந்துவிட்டார்.

அவர் விட்டுச்சென்ற சொத்தை நிர்வகிப்பவர்மேல் கேட்கலாம். ஆனால் இறந்தவர் மறுத்துப் பேச முடியாது என்பதால், உங்கள் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து ஒன்ராறியோவில் தீர்ப்புக் கிடைக்காது. அதை உறுதிப்படுத்தும் வேறு சான்று வேண்டும். காலக் கணக்கும் சிக்கலானது. செத்தவீட்டுக்கு அடுத்த வாரமே கேட்க மனம் வராது என்பது விளங்குகிறது. முப்பத்தொன்று முடிந்தபிறகு பிள்ளைகளிடம் ஒரு கடிதமாவது கொடுத்து வையுங்கள்.

நான்தான் வாங்கியவன். கோரிக்கை வீட்டுக்கு வந்திருக்கிறது.

உறையைப் பிரிக்காமல் மேசையில் வைக்காதீர்கள். கையில் கிடைத்த நாளை எழுதிவைத்து 20 நாளை எண்ணுங்கள். உண்மையிலேயே தரவேண்டியது என்றால், ஒப்புக்கொண்டு உங்களால் முடிந்த தவணையை எதிர்வாதப் படிவத்தில் எழுதுங்கள், அப்படியானால் விசாரணைச் செலவு உங்கள் தலையில் ஏறாது. ஒரு பகுதியைக் கட்டியிருந்தால் அதற்கான பதிவை இணையுங்கள். 20 நாள் தவறி உங்கள் மேல் தீர்ப்பு வந்துவிட்டாலும், தவறியதற்கு ஏற்கத்தக்க காரணமும் சொல்லத்தக்க எதிர்வாதமும் இருந்தால் அதை நீக்கும்படி விண்ணப்பிக்கலாம், தெரியவந்த உடனேயே செய்ய வேண்டும். இரவல் வாங்கிய பொருள் இன்னும் உங்களிடம் இருந்தால் அதை விற்காதீர்கள், அடகு வைக்காதீர்கள். இன்றைக்கே படம் எடுத்து, சாட்சி ஒருவரைக் கூட்டிக்கொண்டுபோய் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்குங்கள்.